ஓடக் கூடாத தூரம் – 11: பத்து நிமிடம்

இதுவரை: 1896-இல் ஏதென்ஸில் இடம் மறுக்கப்பட்ட ஸ்டமாட்டா ரெவிதி, ஆண்கள் ஓடி முடித்த மறுநாள் அதே பாதையில் தனியாக ஓடினார். 1928 ஆம்ஸ்டர்டாமில் 800 மீட்டர் ஓடிய பெண்கள் சுருண்டு விழுந்ததாகப் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கின. அதன்பின் 1960 வரை அந்த ஓட்டமே ஒலிம்பிக்கில் இல்லை. 1966-இல் பாஸ்டனில் புதருக்குள் மறைந்திருந்து கூட்டத்தில் கலந்தார் பாபி கிப். அடுத்த ஆண்டு 261 என்ற எண்ணோடு ஓடிய கேத்ரின் ஸ்விட்சரைப் பிடித்து இழுக்கப் பாய்ந்தார் பந்தய அதிகாரி ஜாக் செம்பிள்.

இனி...

செம்பிள் பாயும் அந்தப் புகைப்படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அந்த ஒரு படம்தான் பெண்களுக்கு மாரத்தான் கதவைத் திறந்துவிட்டது என்று பலரும் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், நடந்தது அதுவல்ல.

திறப்பதற்குப் பதில் கதவு இன்னும் இறுக்கமாகச் சாத்தப்பட்டது. ஆண்களோடு சேர்ந்து பெண்கள் எந்தப் போட்டியிலும் ஓடக் கூடாது என்று அமெச்சூர் அத்லெடிக் யூனியன் அறிவித்தது. ஏ.ஏ.யு. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அமெரிக்கத் தடகளத்தின் கடிவாளம் அன்று அதன் கையில்தான் இருந்தது. படம் உலகைச் சுற்றி வந்தது. விதி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

ஏ.ஏ.யு.வின் பலம் எதில் என்று புரிந்துகொண்டால்தான் இந்த வாரக் கதை விளங்கும். பந்தயம் நடத்துகிறவருக்கு அதன் அங்கீகாரம் வேண்டும். ஓடுகிறவருக்கு அதன் உறுப்பினர் அட்டை வேண்டும். விதியை மீறினால் ஓடியவரும் மாட்டுவார், நடத்தியவரும் மாட்டுவார். ஆகவே பெண்கள் ஓடுவதில் தனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை என்கிற அமைப்பாளர்கூட, எண் அட்டையைக் கொடுக்கக் கை நடுங்கினார். செம்பிளின் கோபத்திலும் இந்தப் பயத்துக்குப் பங்கு உண்டு. அவர் செய்தது சரி என்று சொல்லவரவில்லை. ஆனால், அந்தக் கதையில் வில்லன் ஒரு மனிதர் அல்ல, ஒரு விதிப்புத்தகம்.

கிப் ஓடிய காலத்தில் அந்தப் புத்தகம் பெண்களுக்கு அனுமதித்த அதிகபட்ச தூரம் ஒன்றரை மைல். மாரத்தானோ 26 மைலுக்கு மேல்.

*

செப்டம்பர் 13, 1970. நியூயார்க், சென்ட்ரல் பார்க்.

இன்று ஐம்பதாயிரம் பேர் ஓடும் நியூயார்க் மாரத்தானின் முதல் ஆண்டு அது. நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். பாலங்களும் இல்லை, ஐந்து வட்டாரங்களும் இல்லை. பூங்காவுக்குள்ளேயே நான்கு சுற்றும் சொச்சமும் ஓடினால் மாரத்தான் முடிந்தது. புறப்பட்டவர்கள் 127 பேர், முடித்தவர்கள் 55 பேர். முதலில் வந்தவர் கேரி முர்க்கி என்ற தீயணைப்பு வீரர்.

அந்த 127 பேரில் ஒரே ஒரு பெண். பெயர் நீனா குசிக்.

நர்சிங் படித்தவர், மூன்று குழந்தைகளின் தாய், நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் வீடு. சைக்கிள் பந்தயத்திலும் ஐஸ் ஸ்கேட்டிங் பந்தயத்திலும் ஏற்கெனவே பெயர் எடுத்தவர். 1969-இல் பாஸ்டனில் எண் இல்லாமல் ஓடி முடித்திருந்தார். சென்ட்ரல் பார்க்கில் அன்று உடம்பு ஒத்துழைக்கவில்லை. பாதி தாண்டியதும் நின்றுவிட்டார்.

நியூயார்க் மாரத்தானை ஓட வந்த முதல் பெண், ஓட்டத்தை முடிக்காமல் வீடு திரும்பினார். அன்று பாதியில் நின்ற ஆண்கள் எழுபது பேருக்கு மேல். அதை வைத்து ஆண்களால் மாரத்தான் ஓட முடியாது என்று யாரும் சொல்லவில்லை.

*

ஓராண்டு கழிந்தது. செப்டம்பர் 19, 1971. அதே பூங்கா.

இம்முறை நீனாவுக்குப் போட்டியாக 19 வயது பெத் பானர் வந்திருந்தார். அந்த ஆண்டு மே மாதம் பிலடெல்ஃபியாவில் 3 மணி 1 நிமிடம் 42 விநாடியில் ஓடியவர். மூன்று மணி நேரம் என்ற சுவருக்கும் அவருக்கும் இடையே மிச்சம் இருந்தது இரண்டு நிமிடம்கூட இல்லை.

அந்தச் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண்களுக்கே அன்று மூன்று மணிக்குள் முடிப்பது மதிப்பான காரியம். வார இறுதியில் ஓடும் பெரும்பாலான ஆண்கள் அதை எட்டியதில்லை. பெண் ஒருத்தி அதைத் தாண்டினால் ‘பெண்ணின் உடம்புக்கு இந்தத் தூரம் தாங்காது’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், தங்களைவிட வேகமாக ஓடியவளைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டியிருக்கும். (அந்த ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் ஆஸ்திரேலியாவில் ஏட்ரியன் பீம்ஸ் 2 மணி 46 நிமிடத்தில் ஓடியதாகச் செய்தி வந்தது. அந்த ஓட்டம் எப்படி அளக்கப்பட்டது என்ற சர்ச்சை இன்றுவரை தீரவில்லை.)

அன்று பூங்காவில் சுவர் ஒருமுறை அல்ல, இருமுறை உடைந்தது.

பெத் பானர் 2:55:22. நீனா குசிக் 2:56:04. இடைவெளி 42 விநாடி.

கடிகாரத்தோடு யார் வாதாட முடியும்? ஏ.ஏ.யு.வால் முடிந்தது.

*

அந்த ஆண்டின் இறுதியில் ஏ.ஏ.யு. கூடியது. நீண்ட தூரம் ஓடும் பெண்களின் சார்பில் நீனா வாதாடினார். பெண்களுக்கான அதிகபட்ச தூரம் பத்து மைலாக உயர்ந்தது. கூடவே ஒரு சலுகை: ‘தேர்ந்தெடுக்கப்பட்ட’ பெண்கள் சிலர் மாரத்தான் ஓடலாம்.

பாஸ்டனுக்கு அதற்குமேல் மறுக்க வழியில்லை. ஏப்ரல் 17, 1972 அன்று, அந்தப் பந்தயத்தின் முக்கால் நூற்றாண்டு வரலாற்றில் முதல்முறையாகப் பெண்கள் அதிகாரபூர்வமாக நின்றார்கள். ஆண்களுக்கு என்ன தகுதி நேரமோ அதேதான் பெண்களுக்கும்: மூன்றரை மணி. நிபந்தனையைத் தளர்த்தும்படி அவர்களும் கேட்கவில்லை. புறப்பட்டவர்கள் எட்டுப் பேர். முடித்தவர்களும் எட்டுப் பேர்.

முதலில் வந்தவர் நீனா. 3:10:26.

அந்த நேரத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, பின்னாளில் அவரே சொன்னது. வழியில் அவருக்கு வயிற்றுப்போக்கு. மைல் கணக்கில் இன்னும் தூரம் கிடக்கிறது. சாலையின் இரு பக்கமும் கூட்டம். ஒதுங்கி நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கப் போவதில்லை. ஆனால், முதன்முதலாக அனுமதித்த ஆண்டில், முன்னணியில் ஓடும் பெண் பாதியில் விலகினால் மறுநாள் பத்திரிகைகள் என்ன எழுதும் என்பதை 1928-இன் கதையிலிருந்து இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீனா நிற்கவில்லை. அப்படியே ஓடி முடித்தார்.

ஐந்தாண்டுக்கு முன் செம்பிளிடம் தப்பிய கேத்ரின் ஸ்விட்சர் மூன்றாவதாக வந்தார்.

ஜூன் மாதம் சென்ட்ரல் பார்க்கில் பெண்களுக்கு மட்டுமான ஆறு மைல் ஓட்டம் ஒன்று நடந்தது. பெயர் மினி மாரத்தான். அன்று ஊரெங்கும் பேச்சாக இருந்த மினி ஸ்கர்ட்டை வைத்து வந்த பெயர். செலவை ஏற்றது, பெண்கள் கால் மழிக்கப் பயன்படுத்தும் ஜெல்லைச் சந்தைக்குக் கொண்டுவந்த நிறுவனம். நடத்தியவர் ஃப்ரெட் லீபோ. ருமேனியாவிலிருந்து வந்து நியூயார்க்கின் ஆயத்த ஆடைத் தொழிலில் காலூன்றியவர்; விளம்பரத்தின் வாசனை அறிந்தவர். நீனாவும் ஸ்விட்சரும் ஓட ஆள் தேடி அலைந்தார்கள். எழுபதுக்கும் மேற்பட்ட பெண்கள் வந்தார்கள். இன்று சிரிப்பு வரும் எண்ணிக்கை. அன்று அத்தனை பெண்கள் ஒரே சாலையோட்டத்தில் திரண்டது பெரிய செய்தி.

அதே ஜூன் 23-ஆம் தேதி, அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் பால் வேறுபாடு காட்டக் கூடாது என்ற சட்டத்தில் கையெழுத்திட்டார் அதிபர் நிக்சன்.

காற்று திசை மாறிவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றியிருக்கும்.

*

ஆனால், ஏ.ஏ.யு.வின் சலுகைக்கு ஒரு வால் இருந்தது.

மாரத்தானில் பெண்கள் ஓடலாம். ஆனால், ஆண்களோடு சேர்ந்து புறப்படக் கூடாது. ஒன்று, வேறொரு கோட்டிலிருந்து கிளம்ப வேண்டும். இல்லையென்றால் ஆண்களுக்குப் பத்து நிமிடம் முன்போ பின்போ கிளம்ப வேண்டும்.

பத்து நிமிடம்தானே, இதில் என்ன குடிமுழுகிவிட்டது என்று கேட்கலாம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அந்த ஆண்டு நியூயார்க்கில் முதலில் வந்த ஆண் ஷெல்டன் கார்லின், 2:27:52. ஒரு கிலோமீட்டருக்கு மூன்றரை நிமிடம். நீனாவின் வேகம் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய நாலரை நிமிடம். நீனா பத்து நிமிடம் முன்னால் கிளம்பினாலும் பத்தாவது, பதினோராவது கிலோமீட்டர் வாக்கில் முன்னணி ஆண்கள் எட்டிப்பிடித்துவிடுவார்கள். அதன்பிறகு கடைசிவரை ஒருவரை ஒருவர் தாண்டிக்கொண்டு ஒரே பாதையில் கலந்துதான் ஓட வேண்டும். அதுவும் பூங்காவைச் சுற்றிச் சுற்றி ஓடும் பந்தயத்தில்!

ஆக, ஆண்களையும் பெண்களையும் பிரித்து வைப்பதுதான் நோக்கம் என்றால் இந்த விதி அதைக்கூடச் செய்யவில்லை. கோட்டில் ஒன்றாக நிற்பதை மட்டும் தடுத்தது. பெண்களுக்கு நடப்பது ‘வேறு’ பந்தயம் என்று காகிதத்தில் எழுதிக்கொள்ள வசதி செய்தது. ஓடுகிறவர்களுக்கோ உண்மையான நஷ்டம். மாரத்தான் கூட்டத்தோடு ஓடும் ஓட்டம். பக்கத்தில் ஓடுகிறவரின் வேகத்தைப் பிடித்துக்கொண்டு, எதிர்க்காற்றில் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டு போகலாம். ஆறு பெண்களை மட்டும் வெற்றுச் சாலையில் முன்னே அனுப்பினால் அதெல்லாம் கிடைக்காது.

பெண்கள் கேட்டது மிக எளிமையானது. பரிசைத் தனியாகக் கொடுங்கள், பட்டியலைத் தனியாகப் போடுங்கள். துப்பாக்கி மட்டும் ஒன்றாக வெடிக்கட்டும்.

ஏ.ஏ.யு. முடியாது என்றது.

*

அக்டோபர் 1, 1972. ஞாயிற்றுக்கிழமை.

சென்ட்ரல் பார்க்கின் தொடக்கக் கோட்டுக்கு ஆறு பெண்கள் வந்தார்கள்.

நீனா குசிக். லின் பிளாக்ஸ்டோன். லிஸ் ஃப்ரான்செஸ்கினி. கேத்தி மில்லர். பாஸ்டனில் ஓடிய எட்டுப் பேரில் ஒருவரான, பள்ளி வயதைத் தாண்டாத பேட் பாரெட். முதலாம் ஆண்டு வென்ற தீயணைப்பு வீரர் முர்க்கியின் மனைவி ஜேன் முர்க்கி.

பின்னால் இருநூறுக்கு மேற்பட்ட ஆண்கள் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

பெண்களுக்கான துப்பாக்கி வெடித்தது.

யாரும் ஓடவில்லை.

ஆறு பேரும் கோட்டிலேயே உட்கார்ந்தார்கள். ஓடுவதற்கான உடையில், மார்பில் எண் அட்டையோடு, தார்ச்சாலையில் வரிசையாக. கையில் அட்டைகளை உயர்த்திப் பிடித்தார்கள். ஏ.ஏ.யு. செய்வது அநியாயம் என்றது ஒன்று. இது 1972-ஆம் ஆண்டு, விழித்துக்கொள்ளுங்கள் என்று ஏ.ஏ.யு.வைப் பெயர் சொல்லி அழைத்தது இன்னொன்று.

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. விதிப்படி அவர்களுடைய பந்தயம் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு நிமிடமும் அவர்கள் கணக்கிலிருந்துதான் கழிகிறது. விநாடிக்கு விநாடி எண்ணிப் பயிற்சி செய்தவர்கள், 42 விநாடியில் முதலிடத்தை இழந்த அனுபவம் உள்ள நீனா உட்பட, அந்தப் பத்து நிமிடத்தையும் எழுந்திருக்காமல் செலவழித்தார்கள். ஓட்டக்காரர் ஒருவர் இதைவிட விலை கூடிய எதிர்ப்பைக் காட்ட முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அதிகாரிகளும் இதில் வசமாக மாட்டிக்கொண்டார்கள். பாஸ்டனில் செம்பிளுக்கு இருந்த வழி இவர்களுக்கு இல்லை. ஓடுகிறவளை விதியைக் காட்டித் தடுத்து இழுக்கலாம். உட்கார்ந்திருப்பவளை என்ன செய்வது? அவர்கள் எந்த விதியையும் மீறவில்லை. துப்பாக்கி வெடித்த உடனே எழுந்து ஓட வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை.

புகைப்படக்காரர்கள் படம் எடுத்தார்கள். அட்டைகள் முன்கூட்டியே தயாராக இருந்ததையும், கேமராக்கள் சரியான இடத்தில் நின்றதையும் பார்த்தால், பந்தயத்தை நடத்திய லீபோவுக்கு இது கடைசி நொடிவரை தெரியாமல் இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

பத்து நிமிடம் முடிந்தது. ஆண்களுக்கான துப்பாக்கி வெடித்தது.

ஆறு பெண்களும் எழுந்தார்கள். பின்னால் நின்றவர்கள் முன்னால் வந்தார்கள். எல்லோரும் ஒன்றாக ஓடினார்கள்.

*

நீனா பெண்களில் முதலிடம் பிடித்தார். ஏ.ஏ.யு. தன் பங்குக்கு ஒன்று செய்தது. உட்கார்ந்திருந்த பத்து நிமிடத்தைப் பெண்களின் நேரத்தோடு கூட்டியது.

அதிகாரிகள் செய்த பெரிய தவறு இதுதான் என்பேன். பேசாமல் விட்டிருந்தால் ஒருநாள் செய்தியாக முடிந்திருக்கும். ஓடாத பத்து நிமிடத்தை ஓட்டக் கணக்கில் எழுதப்போய், அந்த விதி எத்தனை அசட்டுத்தனமானது என்பதைத் தங்கள் கையாலேயே பதிவு செய்தார்கள். இன்று நியூயார்க் மாரத்தான் வெற்றியாளர் பட்டியலில் 1972-க்கு நேரே இருப்பது நீனா குசிக், 3:08:41.

அந்த விதி அதிக நாள் தாக்குப்பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டு பாஸ்டன் தொடக்கக் கோட்டில், புகைப்படக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கேத்ரின் ஸ்விட்சரை அணைத்து முத்தமிட்டார் ஒருவர். அவர் ஜாக் செம்பிள். நீனா அட்டையைக் கீழே வைத்துவிட்டு, எந்த அமைப்பை எதிர்த்து உட்கார்ந்தாரோ அதே அமைப்பின் குழுக்களுக்குள் போய் விதிகளைத் திருத்தும் வேலையில் இறங்கினார். பரபரப்பு இல்லாத, யாரும் படம் எடுக்காத வேலை. பிப்ரவரி 10, 1974 அன்று கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோவில் பெண்களுக்கான முதல் தேசிய மாரத்தான் சாம்பியன் போட்டியை ஏ.ஏ.யு.வே நடத்தியது. வென்றவர் ஜூடி இக்கன்பெரி, 2:55:17.

அமெரிக்காவில் வழக்கு முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

உலகத்தில்?

*

சென்ட்ரல் பார்க்கில் ஆறு பேர் உட்காருவதற்குச் சரியாக மூன்று வாரம் முன்பு, செப்டம்பர் 10 அன்று, மியூனிக் ஒலிம்பிக் மாரத்தானில் அமெரிக்காவின் ஃப்ராங்க் ஷார்ட்டர் தங்கம் வென்றார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்த அமெரிக்கர்கள் காலணியை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள்.

அதே மியூனிக்கில் பெண்கள் ஓடிய மிக நீண்ட தூரம் எவ்வளவு? 1500 மீட்டர். அதுவும் அந்த ஆண்டுதான் முதல்முறையாகச் சேர்க்கப்பட்டது. சோவியத்தின் லுட்மிலா பிரகினா தகுதிச் சுற்று, அரையிறுதி, இறுதி என மூன்றிலும் உலக சாதனையை உடைத்து அதை வென்றார். மாரத்தான் அந்தத் தூரத்தைப்போல 28 மடங்கு.

ஏ.ஏ.யு.வை அசைக்க ஒரு பூங்காவும் ஆறு பேரும் போதும். ஒலிம்பிக் கமிட்டி அப்படியல்ல. பெண்களுக்கு ஒரு போட்டியைப் புதிதாகச் சேர்க்க வேண்டுமானால், குறைந்தது 25 நாடுகளில், இரண்டு கண்டங்களில் அது பரவலாக நடைபெற வேண்டும் என்பது அன்று அதன் கணக்கு. ஒலிம்பிக்கில் இல்லாத போட்டிக்குப் பல நாடுகள் பெண்களைத் தயார் செய்வதில்லை. நாடுகள் தயார் செய்யாத போட்டியை ஒலிம்பிக் சேர்ப்பதில்லை.

இந்த முடிச்சை அவிழ்க்க முன்வந்தவர் ஓட்டப்பந்தய வீரர் அல்ல. மேற்கு ஜெர்மனியில் வால்ட்நீல் என்ற சிற்றூரின் மருத்துவர், பெயர் எர்ன்ஸ்ட் வான் ஆக்கன். நீண்ட தூர ஓட்டத்துக்கு ஆணைவிடப் பெண்ணின் உடம்பே பொருத்தமானது என்று அவர் சொன்னபோது சக மருத்துவர்கள் சிரித்தார்கள். 1967-இல் அவர் ஓடச் சொன்ன ஆன்னி பேடே-எர்ட்காம்ப் 3:07:26-இல் மாரத்தானை முடித்துக் காட்டினார். உலகின் பல நாடுகளிலிருந்து பெண்களைத் தன் ஊருக்கு வரவழைத்து ஒரு மாரத்தான் நடத்த வேண்டும் என்பது அவருடைய திட்டம்.

ஆனால், 1972-இன் இறுதியில் ஓடிக்கொண்டிருந்த அவர்மீது ஒரு கார் மோதியது. இரண்டு கால்களும் போயின.

சக்கர நாற்காலியில் அமர்ந்த அந்த மருத்துவர் எழுதிய அழைப்புகளை ஏற்று, எத்தனை நாடுகளிலிருந்து எத்தனை பெண்கள் வால்ட்நீலுக்கு வந்தார்கள்? அதை ஒலிம்பிக் கமிட்டி கண்டுகொண்டதா?

(அடுத்த வாரம்)